‘இனி அது அவர் இல்லை’ என்று எழுதும் முன்

தமிழில் அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களுக்கும், தொற்றுநோய்ப் படங்களுக்குத் திரைக்கதை எழுதிக்கொண்டிருக்கும் இளையவர்களுக்கும்,

உங்கள் கதைகளைத் தேடிப் படிக்கிற ஒரு வாசகியின் மடல் இது. ஒரே ஒரு காட்சியைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்.

அந்தக் காட்சி உங்களுக்கு நன்றாகத் தெரியும். அண்ணனைக் கடித்துவிடுகிறார்கள். அல்லது மனைவியின் ரத்தத்தில் கிருமி இறங்கிவிடுகிறது. கண் வெளுக்கிறது, கழுத்து நரம்பு கறுத்துப் புடைக்கிறது. எதிரே நிற்கிறவர் கையில் துப்பாக்கி நடுங்குகிறது. பக்கத்திலிருந்து ஒருவர் கத்துகிறார்: “இனிமே அது உங்க அண்ணன் இல்ல, சுடுங்க!” சுடுகிறார். ஒரு நிமிடம் அழுகிறார். அடுத்த காட்சியில் மிச்சமிருப்பவர்கள் வண்டியேறிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கத்தல் செய்கிற வேலையைக் கவனியுங்கள். கொல்லப்படப் போகிறவரை மனிதக் கணக்கிலிருந்து முதலில் எடுத்துவிடுகிறது. எடுத்த பிறகு அங்கே கொலையும் இல்லை, தர்மசங்கடமும் இல்லை. இவரால் நமக்கு ஆபத்தா என்பது ஒரு கேள்வி. இவர் இன்னும் நம்மவர்தானா என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றுதான் பதில் என்று கதை அவசரமாக முடிவு செய்துவிடுகிறது. எதிரே நிற்பவர் நம் குழந்தையைக் கொன்றுவிடக்கூடியவர், அதே நேரத்தில் அவர் முழுக்க முழுக்க நம்மவர். அந்த இடத்தில் நின்று எழுதுவது கடினம். அங்கே நிற்கச் சொல்லித்தான் உங்களைக் கேட்கிறேன்.

சக்தி சௌந்தர் ராஜனின் தொற்றுநோய்ப் படமான ‘மிருதன்’ ஊட்டியைக் களமாக வைத்து 2016 பிப்ரவரியில் வந்தது. தென்கொரியாவின் ‘ட்ரெயின் டு பூசான்’ திரைக்கு வந்தது அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான். அதனால் இது நமக்குப் புதிய களம் இல்லை. ஆனால் இந்த வகையில் உலகம் ஏற்கெனவே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைப் பார்த்தால், நம் கதைகளில் அந்த ஒரு நிமிட அழுகை எனக்குப் போதவில்லை.

ஜார்ஜ் லாங்லான் 1957இல் எழுதிய ‘தி ஃப்ளை’ சிறுகதை மறு ஆண்டே ஹாலிவுட்டில் படமானது. பொருள்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் கருவியைக் கண்டுபிடித்த ஆந்த்ரே என்ற விஞ்ஞானி, தன்னையே உள்ளே வைத்து அனுப்பிப் பார்க்கிறார். கூடவே ஒரு ஈயும் நுழைந்துவிடுகிறது. படத்தில் அவர் வெளியே வரும்போது தலையும் ஒரு கையும் ஈயினுடையவை. பேச முடியாது. தலையைத் துணியால் மூடிக்கொண்டு, எழுதிக் காட்டித்தான் மனைவி எலேனோடு பேசுகிறார். மாற்றத்தைத் திருப்ப வேண்டுமானால் அந்த ஈ வேண்டும். வீடு முழுக்கத் தேடியும் அது அகப்படவில்லை. தன் புத்தி தன்னைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது அவருக்கே தெரிகிறது. முழுக்கப் போவதற்குள் தன்னை அழித்துவிடு, என்ன நடந்தது என்ற தடயமே இருக்கக் கூடாது என்று மனைவியிடம் கேட்கிறார். தொழிற்சாலையின் ஹைட்ராலிக் அழுத்த இயந்திரத்தின் அடியில் போய்ப் படுக்கிறார். பொத்தானை அழுத்துவது எலேன். ஈயின் கை தப்பிவிட, இரண்டாவது முறையும் அழுத்த வேண்டியிருக்கிறது.

அந்த இரண்டாவது அழுத்தலில்தான் எனக்குக் கதை இருக்கிறது. முதல் முறை அவள் கணவன் கேட்டதைச் செய்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடலாம். இரண்டாவது முறை அவள் இயந்திரத்தை உயர்த்த வேண்டும், பார்க்க வேண்டும், எடுத்துச் சரியாக வைக்க வேண்டும், மறுபடி அழுத்த வேண்டும். கணவன் இறந்துவிட்டான், இப்போது வேண்டுவதற்கும் ஆள் இல்லை. கொடுத்த வாக்கு மட்டும் மிச்சம். அன்பினால் செய்த ஒரு காரியத்தின் முழு எடையும் அங்கே அவள் கையில் விழுகிறது. நம் கதைகளில் துப்பாக்கிக்கு அந்த எடை இல்லை. தூரத்திலிருந்து, ஒரே குண்டில், சுத்தமாக முடிந்துவிடுகிறது.

படத்தின் முடிவில் இன்னொன்றும் நடக்கிறது. மனிதத் தலையோடு சிலந்தி வலையில் சிக்கிக் கதறும் அந்த ஈயைக் காவல் அதிகாரி ஒரு கல்லைப் போட்டு நசுக்கிவிடுகிறார். எலேன் செய்தது கொலை என்றால் இப்போது நீங்கள் செய்ததும் அதுதான் என்று ஆந்த்ரேயின் சகோதரர் அவரிடம் சொல்கிறார். அதுவரை சட்டமாக நின்றவர் அங்கே திகைத்துப்போகிறார். எலேன் படத்தில் தப்பிக்கிறாள். லாங்லானின் கதையில் அவளுக்கு அந்தச் சலுகையும் இல்லை. மனநலக் காப்பகத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறாள்.

இதே கதையை டேவிட் குரோனன்பெர்க் 1986இல் மறுபடி எடுத்தபோது மாற்றத்தை ஒரு நொடியில் நடத்தவில்லை. நாள்கணக்கில் நீட்டினார். நகம் கழல்கிறது, பல் விழுகிறது, ஒருநாள் காது கையோடு வந்துவிடுகிறது. அந்தக் கோலத்தில் நிற்பவனை அவன் காதலி வெரோனிகா கட்டிக்கொள்கிறாள். தன்னுள் வளர்வது இரக்கம் அறியாதது, நீ இங்கே இருந்தால் உனக்குத் தீங்கு செய்துவிடுவேன், போய்விடு என்று அவனே அவளை எச்சரிக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. பிறகு அவனேதான் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான், தன்னோடு அவளையும் வயிற்றிலிருக்கும் கருவையும் ஒன்றாக உருக்கிவிடப் பார்க்கிறான். எச்சரித்தவனும் தூக்கிப்போனவனும் ஒரே ஆள். கடைசியில் பேச வாயில்லாத அந்த உரு, அவள் கையிலிருக்கும் துப்பாக்கியின் குழாயைத் தன் தலைக்குத் தானே கொண்டுபோகிறது. அவளால் முடியவில்லை. பிறகு சுடுகிறாள். வந்த காலத்தில் பலர் இதை எய்ட்ஸ் பற்றிய படமாகப் பார்த்தார்கள். குரோனன்பெர்க் முதுமையையும் நோயையும் பொதுவாக மனத்தில் வைத்திருந்ததாகச் சொன்னவர். எப்படிப் பார்த்தாலும், அவன் எந்த நாளில் அவனாக இல்லாமல் போனான் என்று அந்தப் படத்தில் யாராலும் கோடு கிழிக்க முடியாது. கோடு கிழிக்க முடியாததால்தான் அவள் சுடுவது நம்மை வருத்துகிறது.

‘ட்ரெயின் டு பூசா’னில் எல்லாரும் பாராட்டுவது தந்தையின் முடிவை. கடிபட்ட சொக்-வூ, மகளையும் கூட வந்த ஒரு கர்ப்பிணியையும் ரயில் எஞ்சினில் பத்திரமாக விட்டுவிட்டு, மகள் பிறந்த அன்று அவளைக் கையில் ஏந்தியதை நினைத்தபடியே கீழே விழுந்து இறக்கிறான். நானும் அழுதேன். ஆனாலும் இது எழுதுகிறவருக்கு வசதியான முடிவு என்றே நினைக்கிறேன். மாறுகிறவர் தானே விலகிக்கொண்டால் மிஞ்சுகிறவர்கள் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. அதே படத்தில் வரும் இரண்டு வயதான சகோதரிகளை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள்? பயத்தில் கதவை அடைத்துக்கொண்ட பயணிகளால் ஒருத்தி வெளியே சிக்கி மாறிப்போகிறாள். உள்ளே இருப்பவள் கண்ணாடி வழியாக அவளைப் பார்க்கிறாள், தன் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்க்கிறாள், கதவைத் திறந்துவிடுகிறாள். அவளும் சாகிறாள், பெட்டியில் இருந்தவர்களும் சாகிறார்கள். அன்பு அத்தனை பேரைக் கொல்லவும் கூடும். அந்தக் கிழவியை மன்னிக்கலாமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவளை மனத்திலிருந்து அகற்றவும் முடியவில்லை.

தானே விலகிக்கொள்ளும் அந்தத் தியாகத்தில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. 1915இல் வெளியான காஃப்காவின் ‘உருமாற்ற’த்தில் கிரகர் சம்சா யாருக்கும் தீங்கு செய்வதில்லை. பூச்சியாகிவிட்டான், அவ்வளவுதான். ஆரம்பத்தில் அவனுக்கு உணவு வைத்து அறையைச் சுத்தம் செய்த தங்கை கிரேட்டாதான் கடைசியில் அவனைத் தொலைத்துவிட வேண்டும் என்கிறாள். அவள் சொல்லும் காரணம்: இது உண்மையிலேயே கிரகராக இருந்திருந்தால், நம்மோடு வாழ முடியாது என்று உணர்ந்து தானாகவே போயிருப்பான். அதாவது, போய்விட்டால்தான் அவன் அண்ணன்; இருந்தால் இல்லை. தந்தை எறிந்த ஆப்பிள் முதுகில் புதைந்து கிடக்க, வீட்டாரை அன்போடு நினைத்தபடி அன்று இரவே அவன் செத்துப்போகிறான். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறபோதெல்லாம் எனக்குக் கிரேட்டா நினைவுக்கு வருகிறாள். தென் மாவட்டங்களில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துப் படுத்த கிழவர்களை முடித்துவைக்கும் தலைக்கூத்தல் இருந்த நாடு இது. நாயகன் புன்னகையோடு குன்றிலிருந்து குதிக்கும் காட்சியை எழுதும்போது, அதை எந்த வீட்டில் யார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு கணம் யோசியுங்கள்.

என் சித்தப்பாவுக்கு மறதி நோய் முற்றிய கடைசி ஆண்டுகளில் அவர் சித்தியை அடிக்கத் தொடங்கினார். ஆசிரியராக இருந்த மனிதர், அதுவரை குரல் உயர்த்திப் பேசியறியாதவர். யாரோ திருடி வீட்டுக்குள் புகுந்துவிட்டதாக நினைத்து ஒருநாள் ஊன்றுகோலால் அடித்ததில் சித்தியின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பார்க்கப் போனபோது கட்டுப்போட்ட கையோடு சித்தி சொன்னார்: “அடிச்சது அவரு இல்லடி, அந்த நோய்.” உங்கள் படத்தில் துப்பாக்கியை இயக்குகிற அதே வாக்கியம். சித்தி அதைச் சொல்லி அவரை வீட்டில் வைத்துக்கொண்டார். ஆனால் இரவில் கத்தி, அரிவாள்மனையெல்லாம் எடுத்துப் பூட்டிவைத்தார், தன் அறைக்கு உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அவர் நம்மவர் என்பதையும் அவரால் ஆபத்து என்பதையும் ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்காமல் அந்த அம்மாள் சேர்த்துச் சுமந்தார். அவரைவிடப் பெரிய கதாபாத்திரத்தை நான் எந்த அறிவியல் புனைகதையிலும் படித்ததில்லை.

எல்லாராலும் அப்படிச் சுமக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். சுட மனமில்லாதவர்கள் பூட்டிவைக்கிறார்கள். ‘தி வாக்கிங் டெட்’ தொடரில் ஹெர்ஷல் என்ற பெரியவர், மாறிப்போன மனைவி மக்களையும் அக்கம்பக்கத்தாரையும் கொட்டகையில் அடைத்து, இவர்கள் நோயாளிகள், என்றாவது குணமாவார்கள் என்று நம்பிக் கோழிகளைத் தீனியாகப் போடுகிறார். பார்க்கிறவர்களுக்கு அவர் அசட்டுக் கிழவராகத் தெரியலாம். நமக்கு அப்படித் தெரியக் கூடாது, ஏனென்றால் நம்மிடம் ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். 28 பேர் எரிந்து இறந்தார்கள். அவர்களில் பலரைக் கொண்டுவந்து விட்டவர்கள் சொந்தக் குடும்பத்தினர்தான். வெறுத்து விட்டவர்களும் இருந்திருப்பார்கள்; பயந்து விட்டவர்கள், அங்குள்ள தர்காவின் அருளால் குணமாகும் என்று நம்பி விட்டவர்கள், வேறு வழியில்லாமல் விட்டவர்களும் இருந்தார்கள். மனநோய் உள்ளவர்களை எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

மனநோயாளிகளை நான் உங்கள் கொடூர உருக்களோடு ஒப்பிடவில்லை. அந்த ஒப்பீட்டை ஏற்கெனவே ஊர் செய்துவிட்டது என்பதைச் சொல்கிறேன். வெறிநாய்க்கடிக்கு ஆளானவர் நாயைப்போல் குரைப்பார், நம்மைக் கடிப்பார் என்று இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகித் தவிக்கிற, அறிகுறி வந்த பின் அநேகமாகப் பிழைக்கவே வாய்ப்பில்லாத ஒரு மனிதருக்குக் கடைசி மணிநேரங்களில் தேவைப்படுவது மயக்க மருந்தும் பக்கத்தில் ஓர் ஆளும். ஓடுகிற, கடிக்கிற, வாயில் நுரைதள்ளுகிற உங்கள் உருவை நம் பார்வையாளர் இந்த நோயை நினைத்துத்தான் பார்ப்பார். அந்த உருவை நோக்கி நீங்கள் வீசும் ‘சுடுங்க’ திரையோடு நின்றுவிடாது.

துப்பாக்கியும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம் என்றால் வேறு என்ன என்று கேட்பீர்கள். அதை எழுதிக் காட்டியவர் அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர். 1987இல் வந்த அவருடைய ‘மாலையும் காலையும் இரவும்’ என்ற நெடுங்கதையில், புற்றுநோயைக் குணப்படுத்திய ஒரு மருந்து, அதை உட்கொண்டவர்களின் வாரிசுகளுக்கு ஒரு மரபணு நோயைத் தந்துவிடுகிறது. நோய் வெளிப்படும் நாளில் அவர்கள் தங்கள் உடலைத் தாங்களே கிழிக்கிறார்கள், அருகிலிருப்பவரையும் கொல்கிறார்கள். கதைசொல்லி லின்னின் தந்தை அவள் தாயைக் கொன்றவர். லின்னுக்கும் அந்த நோய் உண்டு, அவள் விரும்பும் ஆலனுக்கும் உண்டு. ஆலனின் தாய் டில்க் என்ற இடத்தில் இருக்கிறாள். இருவரும் அவளைப் பார்க்கப் போகிறார்கள். நோயாளிகளைக் கட்டிப்போட்ட விடுதியைத்தான் அவர்கள் எதிர்பார்த்துப் போகிறார்கள். அங்கே நோயாளிகள் சிற்பம் செய்கிறார்கள், கருவிகள் வடிவமைக்கிறார்கள். தன்னைத் தானே சிதைக்கத் துடிக்கும் கைகளுக்கு ஓயாத வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது. கவனிப்பவர்களும் அதே நோயைச் சுமப்பவர்கள்தான். தன் கண்களைத் தானே அழித்துக்கொண்ட அந்தத் தாய், விரல்களால் மகனின் முகத்தைத் தடவி அவனைத் தெரிந்துகொள்கிறாள்.

பட்லர் இதை இனிப்பாக முடிக்கவில்லை. டில்க்கிலும் ஆபத்து இருக்கிறது. நோயாளிகளை அமைதிப்படுத்தும் ஒரு மணத்தை லின்னைப் போன்ற சில பெண்களின் உடல் மட்டும் சுரக்கிறது. அந்த வரமே அவளுக்கு ஒரு கட்டாயமாகிவிடுமோ, ஆலன் அவளை விரும்புவது அவன் விருப்பம்தானா என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. ஹண்டிங்டன், பினைல்கீட்டோன்யூரியா, லெஷ்-நைஹன் என்ற மூன்று உண்மையான மரபணு நோய்களிலிருந்து அந்தக் கற்பனை நோயை உருவாக்கியதாகப் பின்குறிப்பில் அவர் சொல்கிறார். உண்மை நோயாளிகளை மனத்தில் வைத்து எழுதியதால்தான் அவருக்கு அடுத்த கேள்வி தோன்றியிருக்கும் என்று நினைக்கிறேன்: கொல்வதா வேண்டாமா என்பதோடு நிற்காமல், இவர்களோடு வாழ என்னென்ன வேண்டும்? இடம் வேண்டும், பழகிய ஆட்கள் வேண்டும், பணம் வேண்டும், வேலை வேண்டும். தனி ஒரு மனைவியின் தலையில் எல்லாவற்றையும் சுமத்தாத ஓர் ஏற்பாடு வேண்டும்.

மாறியவர்களின் பக்கம் இருந்து எழுதுவதும் நம்மிடம் இன்னும் அதிகம் வரவில்லை. ரிச்சர்ட் மேதிசனின் 1954ஆம் ஆண்டு நாவல் ‘ஐ ஆம் லெஜண்ட்’டில், தொற்றில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்ற உத்தரவை மீறி ராபர்ட் நெவில் தன் மனைவியை ரகசியமாகப் புதைக்கிறான், அவள் திரும்பி வருகிறாள். அதன் பிறகு பகல்தோறும் போய், உறங்கும் ரத்தக்காட்டேரிகளைக் கழுவடித்துக் கொல்வதைக் கடமையாக வைத்துக்கொள்கிறான். நோயோடு வாழக் கற்றுக்கொண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள் என்பது அவனுக்குத் தாமதமாகத் தெரிகிறது. அவன் கொன்றவர்களில் ஒருவன் ரூத் என்ற பெண்ணின் கணவன். தன் மனைவிக்கு அவன் காட்டிய தயக்கத்தை ரூத்தின் கணவனுக்கு யார் காட்டினார்கள்?

நம் மண்ணிலிருந்தே எழுத எவ்வளவோ இருக்கிறது. கடிபட்டவர் முன்கூட்டியே ‘நான் மாறிவிட்டால் என்னைக் கொன்றுவிடு’ என்று சத்தியம் வாங்குகிறார். அந்தச் சத்தியம் மாறிய பிறகும் செல்லுமா? நம் சட்டத்தில் 18 வயது நிறைந்தவர் தானே சம்மதித்துச் சாவை ஏற்றால், கொன்றவர் மேல் உள்ள குற்றத்தின் கடுமை குறையும், குற்றம் போய்விடாது. உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றது. கொல்லச் சொல்லும் உரிமையை ஏற்கவில்லை. இதை வைத்தே ஒரு நீதிமன்றக் கதை எழுதலாம். கேட்கப்பட்டவர் ‘என்னால் முடியாது’ என்று மறுக்கும் கதையை எழுதுங்கள். மறுப்பது கோழைத்தனம் இல்லை. ஒருவர் தன் சாவை நம் கையில் வைத்துவிட்டுப் போவதும் ஒரு வன்முறைதான், அதிலும் பெரும்பாலும் அதைப் பெண்ணின் கையில்தான் வைக்கிறீர்கள்.

சுட்டுவிட்டார் என்றால் அதன் பிறகாவது நில்லுங்கள். தந்தையைச் சுட்ட மகன்தான் கொள்ளி வைக்க வேண்டுமா? பதினாறாம் நாள் காரியத்துக்கு யார் வருவார்கள், யார் வர மாட்டார்கள்? திருமணப் பேச்சு வரும்போது அந்த வீட்டைப் பற்றி ஊர் என்ன சொல்லும்? தென் மாவட்டங்களில் கொலையுண்டவர்களுக்குப் பீடம் எழுப்பி, கொன்றவர் வழி வந்தவர்களே கொடை கொடுத்துக் கும்பிடும் கோயில்கள் உண்டு. கொன்றது நியாயமா என்ற வழக்கைத் தீர்த்துக்கொள்ள முடியாமல் தலைமுறைகளாகப் படையல் போட்டுக்கொண்டிருக்கும் சனங்கள் நாம். இப்படி ஒரு மரபை வைத்துக்கொண்டு ஒரு நிமிட அழுகையோடு ஏன் வண்டியேற வேண்டும்?

சுடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெரோனிகா சுட்டாள், எலேன் அழுத்தினாள். அவர்கள் செய்தது தவறு என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் யாரைக் கொல்கிறோம் என்று கடைசி வரை தெரிந்தேதான் கொன்றார்கள். உங்கள் அடுத்த கதையில் அந்தக் கத்தலை ஒருமுறை அடித்துவிட்டு, அது இல்லாமல் அந்தக் காட்சியை எழுதிப் பாருங்கள். கடிபட்டவருக்குப் பேச இரண்டு பக்கம் கொடுங்கள். எழுதி முடித்ததும் வெளியிடுங்கள், நாங்கள் படிக்கக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் வாசகி